பட்டமும் பொறுப்பும்



தன்பாத் சுரங்கவியல் பள்ளியில் இவ்வாண்டு பட்டம் பெற்ற நம் காலனிச் செல்வங்களைப் பாராட்டும் பேற்றினைச் சங்கம் எனக்கு அளித்துள்ளது. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, நிலக்கரி வேகன்களின் கணக்கை எழுதி வருபவன் நான். வேகனின் எண்ணும் எடையும் என் ஏட்டில் ஏறும். கரியை வெட்டியவன் மாலையில் வீடு திரும்பினானா என்பது அதில் ஏறாது. அதனைக் காப்பது இம்மாணவர்களின் கல்வி.

இத்தகைய பள்ளி வேண்டுமென்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்தது 1901இல். இர்வின் பிரபு அதனைத் திறந்து வைத்தது 1926 டிசம்பர் 9ஆம் நாள். சுரங்கப் பொறியியலோடும் நிலவியலோடும் தொடங்கிய அப்பள்ளியில், 1957இல் பெட்ரோலியப் பொறியியலும் புவிப்பௌதிகமும் சேர்ந்தன. 1967இல் பல்கலைக்கழகத் தகுதியும், 2016இல் ஐ.ஐ.டி. என்னும் சிறப்பும் அதற்குக் கிடைத்தன.

ஆயினும் அதன் பெருமையை நான் அளப்பது வேறொரு கோலால். தன்பாத்தை அடுத்த சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்திலும் அவ்வாறே நீர் புகுந்தது. அறுவர் மாண்டனர், 65 பேர் உள்ளே சிக்கினர். நிலத்தைத் துளைத்து, ஓர் ஆள் நிற்கும் அளவான எஃகுக் கூண்டை இறக்கி, அத்தனை பேரையும் ஒவ்வொருவராக மேலேற்றினார்கள். அக்கூண்டில் தாமே கீழிறங்கிய பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், இப்பள்ளியின் மாணவர். எல்லோரையும் அனுப்பிவிட்ட பின்னரே அவர் மேலே வந்தார். அந்த 65 குடும்பங்களின் விளக்கு அணையாதிருந்ததே அவர் பெற்ற பட்டத்தின் பயன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். நிலத்தடியில் பெண்கள் பணிபுரிவதை 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தடுத்தது. 2019இல் அரசாங்கம் தக்க நிபந்தனைகளோடு அதற்கு வழி திறந்தது. சட்டம் திறந்த கதவை நாம் வீட்டில் அடைத்துவிடலாகாது. "பெண்ணுக்கு எதற்குச் சுரங்கப் படிப்பு?" என்னும் கேள்வி இனி நம் காலனியில் எழாதிருக்கட்டும்.

அன்பார்ந்த பட்டதாரிகளே! கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் நீர் எங்கே தேங்கியுள்ளது, எந்தப் பாறை தாங்கும், எது சரியும் என்பதை வரைபடத்தில் குறிக்கப் போகிறவர்கள் நீங்கள். நீங்கள் இடும் ஒவ்வொரு கோட்டையும் நம்பி, முகம் அறியாத ஒருவன் இருளில் இறங்குவான். உற்பத்தியை விரைவுபடுத்துமாறு மேலிடம் நெருக்கும் நாளிலும் அவனை மறவாதீர்கள். அவன் வீட்டிலும் குழந்தைகள் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

நீவிர் நீடு வாழ்க! உங்கள் கல்வி பல குடிகளைக் காக்க!