மின்வண்டிக்கு வேண்டியது எலுமிச்சம்பழமா, எர்த் கம்பியா?

(வில்லியனூரில் பேசியதன் சுருக்கம்)



இந்த விழுப்புரம் சாலையிலே புகையில்லாமல், சத்தமில்லாமல் மின்வண்டிகள் ஓடுவதைப் பார்க்கிறீர்கள். 2030-க்குள் நம் நாட்டில் விற்கும் புது வண்டிகளில் நூற்றுக்கு 30-ஆவது மின்வண்டியாக இருக்க வேண்டுமென்பது சர்க்காரின் குறிக்கோள். சரி, வண்டி வந்துவிடும். அதற்கு மின்சாரம் ஊட்டக் கம்பி இழுப்பது யார்? கெட்டுப்போனால் திறந்து பார்ப்பது யார்? அதற்குத்தான் ஆள் பஞ்சம்.

இது பல்பு மாட்டுகிற வேலையல்ல. காரை வீட்டில் சார்ஜ் செய்யும் 7 கிலோவாட் பெட்டி சுமார் 32 ஆம்பியர் இழுக்கும். அதுவும் மணிக்கணக்காக இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் அதை மாட்டினால் கம்பி சுடும், உறை உருகும், வீடு எரியும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் தானே மின்சாரத்தை அறுத்துவிடும் கருவி வேண்டும். நல்ல எர்த் வேண்டும். காரின் பாட்டரியிலோ 300, 400 வோல்ட் இருக்கும். சாவியைக் கழற்றிவிட்டாலும் பாட்டரிக்குள் அது இருக்கத்தான் செய்யும். ஆகவே, துணிச்சல் மாத்திரம் போதாது. கணக்கும் காரணமும் தெரிந்த ஆள் வேண்டும்.

நாம் செய்வதென்ன? வண்டி வாங்கிய அன்றே பூசணிக்காய் உடைக்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். எர்த் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்பதில்லை. எலுமிச்சம்பழச் சாறு மின்சாரத்தைக் கடத்துமே ஒழியத் தடுக்காது, தோழர்களே!

ஆள் பஞ்சத்துக்குக் காரணம் என்ன? கையால் உழைக்கிறவன் கீழ், உட்கார்ந்திருக்கிறவன் மேல் என்று ஜாதி நமக்குக் கற்பித்த பாடம் ஒரு பெருங்காரணம். பத்தாவது தேறிய பிள்ளை ஐ.டி.ஐ.யில் 2 வருஷம் எலெக்ட்ரீஷியன் படிப்புப் படிக்கலாம். நாமோ, பட்டம் வாங்கிவிட்டுத் திண்ணையில் இருப்பதைக் கௌரவமென்றும், கம்பத்தில் ஏறுவதைக் கேவலமென்றும் நினைக்கிறோம்.

பெண்களால் ஆகுமா என்பார்கள். கிருஷ்ணகிரி ஜில்லா போச்சம்பள்ளியில், ஓலா கம்பெனி தன் ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களைக் கொண்டே நடத்துவதாக 2021-இல் அறிவித்துப் பெண்களை வேலைக்கு எடுத்தது. ஸ்கூட்டரையே பூட்டுகிற பெண்ணுக்குக் கம்பி பூட்டத் தெரியாதா?

சர்க்காரும் பயிற்சி நிலையங்களில் மின்வண்டியையும் சார்ஜ் பெட்டியையும் வைத்துப் பழக்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கு அதற்குத் தக்க கூலி வேண்டும். இல்லாவிட்டால் கற்றவர்களும் வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிடுவார்கள்.

ஆகவே, வில்லியனூர், பாகூர்ப் பெற்றோர்களே! ஆணாயினும் பெண்ணாயினும் உங்கள் பிள்ளைகளின் கையில் டெஸ்டரைக் கொடுங்கள், அறிவில் கணக்கைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவில் என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.