பாடசாலையைக் கழுவ எதை வாங்குவது?



லயத்துக்குத் திரும்பி வந்து வீட்டைக் கழுவி அடுப்பு மூட்டிவிட்டீர்கள். அடுத்தது பிள்ளைகளின் பாடசாலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் மலையகத்தில் சனங்களுக்கு இடம் கொடுத்தவை பாடசாலைகள். பலர் தங்கிய அறைகளையும் மலசலகூடங்களையும் நன்றாகக் கழுவித்தான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும்.

சிரமதானத்துக்கு முன் ஒரு கேள்வி வரும். தண்ணீரில் கலக்கும் கட்டியான மருந்தை வாங்குவதா, அப்படியே தெளிக்கும் போத்தலை வாங்குவதா?

போத்தலின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வாளி வரும் என்று பாருங்கள். 5 வீதக் குளோரின் திரவம் ஒரு லீற்றர் இருந்தால், கிருமி நீக்கும் தண்ணீர் 50 லீற்றர் செய்யலாம். அதே 50 லீற்றரைக் கலந்த நிலையில் வாங்கினால் 50 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். அட்டனிலிருந்து மேல் டிவிஷனுக்கு யார் சுமப்பது?

ஆனால் கட்டியான மருந்துக்கு மூன்று வேண்டும்: சுத்தமான தண்ணீர், அளவுக் கோப்பை, பொறுப்பான ஒருவர். குழாய் உடைந்து தண்ணீர் இல்லையா? அளக்க ஆள் இல்லையா? அப்படியானால் தெளிக்கும் போத்தலே நல்லது.

நான் போன ஒரு பாடசாலையில், கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்று நினைத்து, குளோரினோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஊற்றிவிட்டார்கள். கண் எரிந்து, இருமி, எல்லோரும் வெளியே ஓடினோம். அந்த இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும். ஒருபோதும் கலக்காதீர்கள்.

செய்யும் முறை இதுதான். முதலில் சேற்றை வழித்து, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. பிறகு 10 லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு 200 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். இது 5 வீதத் திரவத்துக்கான அளவு. வேறு மருந்தென்றால் போத்தலில் எழுதியுள்ள அளவைப் பாருங்கள். தரையும் மேசையும் 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். பிறகு மேசையைத் தண்ணீரால் துடைத்துக் காய விடுங்கள். கையுறையும் சப்பாத்தும் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கலந்த தண்ணீரை அன்றே முடித்துவிடுங்கள்.

சோடாப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தாகத்தில் குடித்துவிடுவார்கள். மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, பூட்டிய அலுமாரியில் வையுங்கள். கலக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

பெரும்பாலான பாடசாலைகளுக்கு இரண்டும் வேண்டும். தரைக்கும் மலசலகூடத்துக்கும் கலக்கும் மருந்து. தண்ணீர் வராத நாளில் கதவுக் கைபிடி, மேசை துடைக்கத் தெளிக்கும் போத்தல் ஒன்றிரண்டு. சந்தேகம் வந்தால் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். பாடசாலைக்குப் பின்னால் மண் வெடித்திருந்தால் கழுவுவதை நிறுத்தி, முதலில் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

வரும் கூட்டத்தில் முதலில், கலக்கும் பொறுப்பு யாருக்கு என்று பேசி முடிவெடுங்கள். அது தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.