உயர்கல்வி இலாகாவும் நம் பிள்ளைகளும்



தோட்டப்புறங்களில் வாழும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். நம் நாட்டில் உயர்கல்வியைப் பரப்புவதற்கும் அதன் தரத்தை உயர்த்துவதற்கும் அரசாங்கத்தின் உயர்கல்வி இலாகா என்ன செய்கிறது? அதனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன? கிடைக்க வேண்டியது எங்கே தடைபட்டு நிற்கிறது? இவையே நமது பேச்சின் பொருள்.

'பல்கலைக்கழகமா? அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஐயா' என்று சொல்லும் பெற்றோரை ஆசிரியர்களாகிய நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல்கலைக்கழகம் என்பது தொலைவில் இருக்கும் பெரிய கட்டடமாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நம் பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வு முடிவுத் தாளுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவில் ஓர் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தொலைவு குறையும்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி ஒன்றையும் இராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து அதை உருவாக்கினார்கள். 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது நமக்கென்று இருந்த ஒரே பல்கலைக்கழகம் அதுதான். 1959-இல் அது சிங்கப்பூரில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாக இரு பிரிவுகளாயிற்று. 1962-இல் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. அங்கே இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இடம்பெற்றதற்குப் பின்னால் நம்மவரின் முயற்சியும் உண்டு. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950-களில் அதற்காக நிதி திரட்டியபோது, சாதாரண உழைப்பாளிகளும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். தனிநாயகம் அடிகளார் அத்துறைக்குத் தலைமை ஏற்றிருந்த காலத்தில், 1966-இல், முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. ஆகவே பல்கலைக்கழகம் நமக்கு அந்நியமான இடமன்று.

ஒரே ஒரு பல்கலைக்கழகம் இருந்தபோது இடங்கள் மிகக் குறைவு. அந்த நிலையை மாற்ற அரசாங்கம் அடுத்தடுத்துப் புதிய நிலையங்களைத் திறந்தது. 1969-இல் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகமும், 1970-இல் தேசியப் பல்கலைக்கழகமும், 1971-இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகமும் தோன்றின. தொழில்நுட்பக் கல்லூரி 1972-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1969-லேயே ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக் தொடங்கியிருந்தது. இன்று நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே 20 இருக்கின்றன. இவற்றோடு பொலிடெக்னிக்குகளும், 2001-ஆம் ஆண்டு முதல் திறக்கப்பட்டு வரும் சமூகக் கல்லூரிகளும் பல மாவட்டங்களில் உள்ளன. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின. உயர்கல்வி பரவிய கதை சுருக்கமாக இதுதான்.

இதையெல்லாம் மேற்பார்வையிடுவது யார்? முன்பு உயர்கல்வியும் கல்வி அமைச்சின் பொறுப்பிலேயே இருந்தது. 2004-இல் உயர்கல்விக்கெனத் தனி அமைச்சு அமைந்தது. பிறகு 2013-இலும் 2018-இலும் அது கல்வி அமைச்சோடு இணைக்கப்பட்டு, 2015-இலும் 2020-இலும் மீண்டும் தனியாகப் பிரிந்தது. பெயர்ப் பலகை மாறினாலும் வேலை மாறவில்லை. அமைச்சின் கீழ் உயர்கல்வி இலாகா பல்கலைக்கழகங்களைக் கவனிக்கிறது. பொலிடெக்னிக்குகளையும் சமூகக் கல்லூரிகளையும் கவனிக்க இன்னோர் இலாகா இருக்கிறது. இடம், தரம், பணம் ஆகிய மூன்றையும் வைத்து இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, இடம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் மாணவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் தேடி அலைய வேண்டியதில்லை. யு.பி.யு. எனப்படும் பொது விண்ணப்ப முறை வழியாக, ஒரே விண்ணப்பத்தில் பல படிப்புகளை வரிசைப்படுத்திக் கேட்கலாம். பொலிடெக்னிக்கும் சமூகக் கல்லூரியும் இதிலேயே அடங்கும். இந்த வரிசை மிக முக்கியம். நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதக்கூடாது. பிள்ளையின் மதிப்பெண்ணும் விருப்பமும் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்தே நிரப்ப வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஆகியவை கல்வி அமைச்சின் பொறுப்பில் உள்ளவை. அவற்றுக்கு விண்ணப்பம் வேறு. 'யு.பி.யு.வுக்குப் போட்டாயிற்று, எல்லாம் ஆயிற்று' என்று இருந்துவிட்டால், மெட்ரிகுலேஷன் கதவு நமக்குத் தெரியாமலே மூடிவிடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழுகை உதவாது. உரிய நாளுக்குள் போட்ட விண்ணப்பம்தான் உதவும்.

இடம் கிடைப்பதில் நம் சமூகத்துக்கு நீண்ட நாள் மனக்குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1970-களில் இன அடிப்படையிலான ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகள் நம்மிடையே இருந்தார்கள். 2002-இல் பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதி முறை அறிமுகமாயிற்று. மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 10 விழுக்காட்டு இடம் 2003-இல் திறக்கப்பட்டது. இந்திய மாணவர்களுக்குக் கூடுதல் மெட்ரிகுலேஷன் இடங்களை 2012-இல் அரசாங்கம் அறிவித்தது. எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெறுவோர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. கேட்கக் கேட்கச் சிறிது சிறிதாகத் திறந்தது. திறந்த இடத்தைக் காலியாக விடாமல் நிரப்புவது நம் பொறுப்பு.

தகுதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியுமா? பாடத் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு. சாரணர் இயக்கம், கழகங்கள், விளையாட்டு, அவற்றில் வகிக்கும் பொறுப்பு எல்லாம் இந்த 10 விழுக்காட்டில் சேரும். தோட்டத்துப் பிள்ளை தடுக்கி விழும் இடம் இதுதான். பள்ளி முடிந்ததும் தோட்டத்துக்கு வரும் பேருந்து புறப்பட்டுவிடும். அதை விட்டால் வேறு வாகனம் இல்லை. ஆகவே பிற்பகலில் நடக்கும் நடவடிக்கைகளுக்கு அவன் நிற்பதில்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே போய்விடுகின்றன. கடைசியில் ஓர் இடத்துக்கு இருவர் போட்டியிடும்போது, பாடத்தில் சமமாக இருந்தும் இவன் பின்னால் நிற்கிறான். வாரத்தில் ஒரு நாளாவது நான்கைந்து வீட்டார் கூடி, முறை வைத்துப் பிள்ளைகளை அழைத்து வர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். கோயில் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதைப் பேசுங்கள். திருவிழாவுக்கு லாரி ஏற்பாடு செய்யும் நமக்கு இது பெரிய காரியமா?

பத்திரங்களையும் கவனிக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறு, அடையாள அட்டை இல்லாமை, பெற்றோர் திருமணம் பதிவு செய்யப்படாமை போன்ற குறைகள் தொடக்கப் பள்ளியில் பெரிதாகத் தெரிவதில்லை. பல்கலைக்கழக வாசலில் அவை மலைபோல் நிற்கும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே பதிவு இலாகாவுக்குச் சென்று சரிசெய்துவிடுங்கள். அதோடு, எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே நினைவூட்டுங்கள்.

இரண்டாவது, தரம். கல்லூரிகள் பெருகும்போது நெல்லோடு பதரும் சேர்ந்து வரும். எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் தோட்டங்களுக்கு முகவர்கள் வருவதை நாம் பார்க்கிறோம். பளபளப்பான தாள்களைக் காட்டுவார்கள். 'உடனே சேரலாம், கடன் நாங்களே வாங்கித் தருகிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் அம்மா' என்பார்கள். படிப்பு முடிந்த பிறகு, அந்தச் சான்றிதழை அரசாங்கம் ஏற்கவில்லை என்று தெரியவந்தால் பிள்ளையின் மூன்றாண்டும் போயிற்று, தலையில் கடனும் ஏறிற்று.

இதைத் தடுப்பதற்காகவே மலேசியத் தகுதி ஆணையம் 2007-இல் அமைக்கப்பட்டது. எம்.கியூ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு படிப்பின் பாடத்திட்டம், ஆசிரியர்களின் தகுதி, வசதிகள் ஆகியவற்றை ஆராய்ந்து அது அங்கீகாரம் அளிக்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு கல்லூரியின் பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தால் போதாது. உங்கள் பிள்ளை சேரப்போகும் அந்தப் படிப்பின் பெயரே அதில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியர்கள் பார்த்துச் சொல்வோம். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பணம். 'சம்பளத்தில் சாப்பாட்டுக்கே சரியாகிறது, படிக்க வைக்க எங்கே போவது?' என்ற கவலை நியாயமானது. இதற்காக 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., அமைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் சேரும் மாணவர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்து அது கடன் தருகிறது. இது கடன் என்பதை மறக்கக்கூடாது. ஆண்டுக்கு 1 விழுக்காட்டு நிர்வாகக் கட்டணத்தோடு, படிப்பு முடிந்த பின் தவணை முறையில் திருப்பிச் செலுத்த வேண்டும். பட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறுவோர், விதிகளுக்கு உட்பட்டு, விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கழகத்தின் கீழ் எஸ்.எஸ்.பி.என். என்னும் கல்விச் சேமிப்புத் திட்டமும் உண்டு. பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும்போது கணக்குத் திறந்து, மாதம் 20 வெள்ளி போட்டு வாருங்கள். ஐந்தாம் படிவம் முடியும்போது பதினோர் ஆண்டு ஆகிறது. போட்ட பணம் மட்டுமே 2,640 வெள்ளி இருக்கும். பல்கலைக்கழகத்தில் சேரும் முதல் வாரத்தில் பதிவுக் கட்டணம், படுக்கை, புத்தகம், பேருந்துச் செலவு எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். அந்த வாரத்தில்தான் வட்டிக்குக் கடன் வாங்கப் பலர் ஓடுகிறார்கள். மாதம் 20 வெள்ளி அந்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். சிறுகச் சேர்ப்பதன் வலிமை நமக்குப் புதிதன்று. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தைக் கொண்டுதான் தோட்டங்களை வாங்கியது.

தேர்வு முடிவு சுமாராக இருக்கும் பிள்ளையை என்ன செய்வது? 'உன் தலையெழுத்து தொழிற்சாலைதான்' என்று சொல்லிவிடாதீர்கள். சமூகக் கல்லூரியில் சான்றிதழ் படித்து, பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, பல்கலைக்கழகம் வரை ஏறுவதற்குப் படிகள் இருக்கின்றன. மின்சாரம், இயந்திரம், கட்டுமானம், சமையற்கலை போன்ற கைத்தொழில்களை அங்கே கற்கலாம். அரசாங்க நிலையங்களில் கட்டணமும் தனியாரைவிட மிகக் குறைவு. வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்கூட வழி உண்டு. வேலை அனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்வியில் சேர அனுமதிக்கும் முறையை எம்.கியூ.ஏ. நடத்துகிறது. வீட்டிலிருந்தபடியே படிக்கும் தொலைதூரக் கல்வியைப் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே தொடங்கிவிட்டது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தங்கும் விடுதியில் தனியாக எப்படி விடுவது' என்று தயங்கி, கிடைத்த இடத்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. பயம் இருந்தால் நேரில் போய் விடுதியைப் பாருங்கள். பொறுப்பாளரிடம் பேசுங்கள். அதற்கு முன் மறுத்துவிடாதீர்கள்.

நேயர்களே, இலாகா இடங்களைத் திறக்கிறது, தரத்தைச் சோதிக்கிறது, கடன் கொடுக்கிறது. ஆனால் நம் வீட்டுக் கதவைத் தட்டி 'உங்கள் பிள்ளையை அனுப்புங்கள்' என்று அது கேட்காது. விண்ணப்பம் திறக்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் பள்ளியில் கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குச் சில நாள்களே அவகாசம் தருவார்கள் என்பதால், முடிவு வந்த அன்றே ஆசிரியரைப் பாருங்கள். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை ஒருவன், வழி கேட்க ஆளில்லாமல் செம்பனைக் காட்டுக்கோ தொழிற்சாலைக்கோ போய்விட்டான் என்ற செய்தி இனி நம் தோட்டங்களில் கேட்கக்கூடாது.