கிளம்பினாலும் கிளம்பும் லாரி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி தூங்க வச்சுடாதே" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு. ஆகவே ஒரு மீன் லாரியைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் மாவட்டக் கடற்கரையில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று இரண்டு மீன்பிடி ஊர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமிருந்து மீன் ஏற்றிப் போகும் கனரக லாரி அது. பல நாள் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சில நாள் 'கட கட கட' என்று சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. அரை மணி கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக் வந்து நின்றால் பத்துக்குப் பத்து முறையும் பிடித்துக்கொள்ளும்! டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

முதலாளி இரண்டு பேட்டரியையும் மாற்றினார். ஒரு மாதம் தொல்லை இல்லை. மறுபடி ஆரம்பித்தது. செல்ஃப் மோட்டாரை மாற்றினார். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் பழி டிரைவர் தலையில் விழுந்தது. "வேணும்னே வழியில நிறுத்திட்டுத் தூங்குறான்" என்று பேச்சு. ஒரு நடை ஐஸ் கரைந்து மீன் கெட்டதற்குச் சம்பளத்திலும் பிடித்தார்கள். டிரைவர் அண்ணன் பயந்துபோய், சாப்பிட இறங்கினால்கூட இன்ஜினை அணைப்பதில்லை. டீசல் செலவு ஏறியது, அதற்கும் திட்டு.

இந்த நிலையில்தான் விஷயம் என்னிடம் வந்தது.

நாம் முதலாண்டில் படித்த ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கனரக லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும். 400 என்று வையுங்கள். வழியில் ஒரு ஜாயின்ட்டில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 4 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆனால் சாதாரண மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் அந்த 0.01 கண்ணுக்கே தெரியாது. டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும். "கனெக்‌ஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்த நேரத்தில் அந்த வழியே பெரிய கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஓடும்போது பார்க்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூணிலும் (கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பக்கம் நலம். எனக்கு 0.3 காட்டியது. வண்டியும் ஜம்மென்று கிளம்பியது!

விட்டுவிட்டு வரும் கோளாறு நம் சௌகரியத்துக்கு வராது. அதனால் நீள வயர் இரண்டை கேபினுக்குள் இழுத்து, மீட்டரை டாஷ்போர்டில் கட்டி, டிரைவர் அண்ணனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நேரம், இடம், எண். "தம்பி, நீங்களாவது என்னை நம்புறீங்களா?" என்றார். "நம்புறது இருக்கட்டும்ணே, எழுதிட்டு வாங்க" என்றேன்.

ஆறு நாள் கழித்து நோட்டு வந்தது. பெரும்பாலும் 0.3, 0.4. அறந்தாங்கியில் ஒரு முறை, கீரனூர் தாண்டி ஒரு முறை, 10-க்கு மேல். எண் நிலையாக நிற்கவில்லை என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எம்.இ. மாணவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக அளவு எழுதிப் பார்த்ததில்லை.

பேட்டரியின் எர்த் கேபிளை சேஸியில் முறுக்கிய இடம்தான் குற்றவாளி. மேலே கிரீஸ் பூசி லட்சணமாக இருந்தது. கழற்றினால் லக்குக்கு அடியில் பச்சைப் பொடியும் துருவும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கேதான் சொட்டியிருக்கிறது. வண்டி குலுங்கும்போதும், சூடாகி ஆறும்போதும் உள்ளே உலோகம் தொடும் புள்ளிகள் மாறும். அதனால்தான் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்லை. புது பேட்டரி தன் பலத்தில் ஒரு மாதம் சமாளித்தது. பளபளவென்று சுரண்டி, புது லக் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலாளி நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிடித்த தொகை அடுத்த சம்பளத்தில் திரும்ப வந்தது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையையும் பாருங்கள். அது அறுந்தால் கரண்ட் கியர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிக் கருகும்.

எல்லா லாரிக்கும் இதே நோய் என்று சொல்ல வரவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, நியூட்ரல் சுவிட்ச். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் முதலில் டீசல் பக்கம். இப்போதைய வண்டிகளில் வோல்ட் அதிகம் இறங்கினால் கம்ப்யூட்டரே மயங்கிவிடும். பழைய வண்டி மாதிரி தள்ளிக் கிளப்பலாம் என்று நம்ப முடியாது.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவசரத்தில் அடியில் படுத்து, செல்ஃப் முனைகளில் ஸ்பேனரை வைத்து 'டைரக்ட்' கொடுக்கும் வழக்கத்தை உங்கள் பட்டறையில் அனுமதிக்காதீர்கள். கியரில் இருந்தால் நியூட்ரல் சுவிட்ச் தடுக்காது, அதைத்தான் தாண்டிவிட்டோமே. வண்டி நகரும்போது ஆள் சக்கரத்துக்கு அருகில் இருப்பான்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.