பிள்ளையை வீட்டில் விட்டால் தாய் எங்கே?

‘கைக்குழந்தையோடு தீம் பார்க் சுற்றுலா தேவையா, தேவையில்லையா?’ இதுதான் பட்டிமன்றத் தலைப்பு. எதிரணியினர் வெயில் என்றார்கள், கூட்டம் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், பச்சப்பிள்ளைக்கு அங்கே என்ன தெரியும் என்றார்கள். பிள்ளையைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அதைப் பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்றால், பால் கொடுக்கிறவளும் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றுதானே ஆகிறது? அவள் கிடக்கக் கூடாது. ஆகவே பிள்ளையும் கிளம்பட்டும். இந்த அணியின் வாதம் அவ்வளவுதான்.

எதிரணி மேல் குற்றமில்லை. கொழுகொழு குழந்தைப் படத்தைக் காலண்டரில் அச்சடித்து நாடெங்கும் சுவரில் தொங்கவிட்ட ஊர் நம்ம சிவகாசி. அந்தப் படங்களில் பெரும்பாலும் குழந்தை மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் அம்மா இருக்க மாட்டாள். அந்தக் காலண்டர் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு பேசிவிட்டார்கள்.

மற்ற ஊர்களில் சுற்றுலா என்றால் மே மாதம். சிவகாசி வட்டாரத்தில் தீபாவளி கழிந்த பிறகு. சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வருஷம் பூராவும் சரம் பின்னி, திரி வைத்து, பெட்டி மடித்து, பேக்கிங் போட்டு, நாடு வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கை அனுப்பிவைத்த கைகள் அப்போதுதான் ஓய்கின்றன. போனஸ் கையில் இருக்கும். பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்கிற பட்டாசு ஆலை மூடிக் கிடக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கக் கொஞ்ச நாளாகும். மற்ற நாளில் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, நிறையப் பேருக்குப் பீஸ் ரேட்டுதான்.

அந்தக் கைகளில் பெண்களின் கை எத்தனை என்று பயர் ஆபீஸ் வேன் ஊர் விலக்கில் வந்து நிற்கும்போது பார்த்தால் தெரியும். விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியோடு ஏறுகிறவர்களில் கைக்குழந்தைக்காரியும் இருப்பாள். பிள்ளை ஆச்சியின் மடியில். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சொன்னால் என்ன, வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளையைக் கொண்டுபோக எந்தத் தாய்க்கு மனசு வரும்? பேறுகால விடுப்பை 2017இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். பீஸ் ரேட்டுக் கூலிக்காரிக்கு அது முழுசாகக் கைக்கு வந்துசேர்வது வேறு கதை. பகல் பூராவும் பிள்ளை முகம் பார்க்காமல் வேலை செய்தவளுக்கு வருஷத்தில் ஒருமுறை லீவு வருகிறது. அதில் ஒருநாள் வெளியே போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுக்கிறார்கள். எதிரணி குறுக்கே வந்து, “நீ இரு தாயி, ரெண்டு வருஷம் போகட்டும்” என்கிறது.

ரெண்டு வருஷக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூத்ததுக்கு ரெண்டு வயது ஆகும்போது இளையது வயிற்றில். அது பிறந்து, அதற்கும் ரெண்டு வயது ஆக ஐந்து தீபாவளி ஓடிவிடும். அந்த ஐந்து வருஷமும் வீட்டுக்காரர் விரதம் இருப்பாரா? கூட்டாளிகளோடு வேன் பிடித்துக் குற்றாலம் போய்வந்து, ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அல்வாப் பொட்டலத்தை நீட்டுவார். தாய்க்கு அல்வாதான்!

கூட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகலாமா என்று கேட்டார் எதிரணித் தோழியர். விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டா இந்தக் கேள்வி? ஆடிக் கடைசி வெள்ளிக்கு வைப்பாறும் அர்ஜுனா நதியும் சேருகிற இருக்கன்குடியில் மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் சனம் கூடுகிறது. அந்த நெரிசலுக்குள் முடியிறக்கிய தலையில் சந்தனம் பூசி, அழுது சிவந்த முகத்தோடு வருகிற கைக்குழந்தைகள் எத்தனை! விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோயிலைச் சுற்றுகிறார்கள். அந்தத் திருவிழாவையொட்டிப் பொருட்காட்சி போடுவார்கள். ராட்டினம் சுற்றும், டெல்லி அப்பளம் பொரியும், இடுப்பில் பிள்ளையோடு அத்தனை தாய்மார்களும் அங்கேதான். தீம் பார்க் என்ற பேர் வருவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் கைக்குழந்தையோடு ராட்டினத்தடிக்குப் போய்வந்தவர்கள்.

வழக்கம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பொருட்காட்சிக்குத் தாய் தனியாகப் போவதில்லை. ஆச்சி, மதினி, சித்தி என்று ஒரு படையே போகும். மதினி ராட்டினம் ஏறினால் பிள்ளை சித்தி கையில். தாய் ஏறினால் மதினி கையில். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்காரர்கள் இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்க மற்றவர் சவாரி போய்வரலாம். பிறகு நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறிக்கொள்ளலாம். அங்கே மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது. கைக்குழந்தைக்காரர்கள் வருவார்கள், வரட்டும் என்று நினைத்துத்தானே இந்த ஏற்பாடு?

அடுத்தது ஞாபகம். “பிள்ளைக்கு ஒன்றும் நினைவிருக்காது, காசு தண்டம்” என்பது எதிரணியின் பெரிய வெடி. பெரியவர்களைக் கேட்டால், நினைவில் நிற்கும் முதல் சம்பவம் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகுதான் என்று உளவியலாளர்கள் சொல்வது உண்மை. அப்படிப் பார்த்தால் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தது யாருக்கு நினைவிருக்கிறது? தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்களே, அந்தக் கடா விருந்து தண்டமா? இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோவி-காலியர் என்ற உளவியலாளர், குழந்தையின் காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையில் கட்டினார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். மூன்று மாதக் குழந்தைகள் இதைக் கற்றுக்கொண்டதோடு, ஏறக்குறைய ஒரு வாரம் வரை மறக்காமல், அதே பொம்மையைக் கண்டதும் காலை உதைத்தன. இதனால் பிள்ளைக்குத் தீம் பார்க் காலாகாலத்துக்கும் நினைவிருக்கும் என்று யாரும் சொல்ல வரவில்லை. பார்க்கிறது, ரசிக்கிறது, சில நாள் வைத்துக்கொள்கிறது. மீதியை அம்மா நினைவில் வைத்துக்கொள்வாள், போனது அவளும்தானே!

உடல்நலம் பற்றி எதிரணி சொன்னதில் பாதி நியாயம். கந்தக பூமியில் கத்திரி வெயில் காயும்போது பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்கவே கூடாது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகாததைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தப்பு. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பிறந்தவுடன், 6, 10, 14ஆவது வாரங்கள் என்று வரிசை இருக்கிறது. 14ஆவது வார ஊசி போட்டு, அந்தக் காய்ச்சலும் தணிந்த பிறகு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம். தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான் என்பதால், அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆகாது. புதன், வியாழன் போகட்டும். பயர் ஆபீஸ் லீவில் எல்லா நாளும் ஞாயிறுதானே! ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு வெயில் கிரீம் தடவுவதைவிட நிழல்தான் நல்லது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நீச்சல்குளத்துக் குளோரின் தண்ணீரில் அதன் கால்கூட நனைய வேண்டாம்.

சத்தமா? நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கிற பட்டாசைச் செய்யவே கூடாது என்று 1999இல் விதி போட்டார்கள். அந்த அளவுக்குள் வெடிப்பதே பச்சைப்பிள்ளையின் காதுக்கு அதிகம் என்று சிவகாசித் தாய்க்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தீபாவளியன்று உள்ளறையில் கதவடைத்து உட்கார்ந்தவள் அவள். பூங்காவில் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்கார அவளுக்குத் தெரியாதா?

எதிரணி கவனிக்காத ஒன்று. தவழாத, ஓடாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையோடு பயணம் போவதுதான் இருப்பதிலேயே சுலபம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டில் வேண்டாம், வெந்நீர் ஃபிளாஸ்க் வேண்டாம், கண்ட இடத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வரும் என்ற பயமும் குறைவு. ஒன்றரை வயதுப் பிள்ளை கையை உதறிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடும்; அப்போது தெரியும் சங்கதி. பால் கொடுக்க மறைவிடம் என்றால், தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்ட்டிலிருந்தே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் உண்டு. சிலது பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடம் என்று கேட்டு அலைய வேண்டும். கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இனிச் செலவு. ஐந்து வயது வரை அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை; ரயிலிலும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் காசில்லை. 2000இல் வீகாலாந்தாகத் தொடங்கிய கொச்சி வொண்டர்லா முதல், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்தது வரை, அந்த நிறுவனத்தார் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். அந்த உயரம் வர ரெண்டு வயது ஆகிவிடும். முதல் பயணத்துக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மதுரை பரவையில் அதிசயம் பார்க் இருக்கிறது. சிவகாசியிலிருந்து வேனில் ரெண்டு மணி நேரம்.

அங்கே போன ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள். ஆச்சி மர நிழலில் போர்வை விரித்து, கட்டுச்சோற்று வாளியை ஓரமாக வைத்து, பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு கலைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். தாய் இப்போதுதான் பால் கொடுத்து முடித்திருக்கிறாள். அடுத்த பசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீரில் இறங்கப் பருத்திச் சேலை ஆகாது என்பதால் வாடகைக்கு நைலான் உடுப்பு வாங்கக் கவுன்டரில் நிற்கிறாள். பிள்ளை அப்பனின் தோளில். அது கக்கிய பால் அவர் சட்டையில் வழிகிறது. துடைக்கத் துணி எந்தப் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. “ஏய், துணி எங்க?” என்று சத்தம் போடுகிறார். அவள் திரும்பிப் பார்த்து, “பச்சைப் பைல பாருங்க” என்று சொல்லிவிட்டுச் செயற்கை அலைக்குள் இறங்குகிறாள். பத்து மாதம் சுமந்து, பெற்று, பத்தியம் இருந்தவளின் இடுப்பில் பிள்ளை இல்லாத அரை மணி நேரம் அது.

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய மூவரில் இருவர் ஆண்கள். இருவருமே பிள்ளை பெற்ற அப்பன்மார். பச்சைப்பிள்ளை இருக்கிறது என்பதற்காக இவர்கள் இதுவரை எந்தச் சுற்றுலாவைக் கைவிட்டுத் தொட்டில் ஆட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்? ஊர், வருஷம், சாட்சி மூன்றையும் சொல்லிவிட்டு, மறுப்பு வாதத்தைத் தொடங்கட்டும்.