புதிய கணினியும் பழைய பேரேடும்

(பதுளையில் வாலிப அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்திய பேச்சு)



சங்கத்துக் கணினிக்குப் புதிய இயங்குதளம் இடுவதைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது எமது காதில் விழுகிறது. ஐயா, சற்றுப் பொறுத்தருளுங்கள். இது வெறும் இயந்திரத்தைப் பற்றிய பேச்சன்று. நமது மக்களின் பெயர்களைப் பற்றிய பேச்சு.

இயங்குதளம் என்பது யாது? தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை நின்று, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யார் புல் வெட்டப் போவது என்று பிரித்து விடுகிறாரல்லவா? கணினிக்குள் அவ்வேலையைச் செய்வதே இயங்குதளம். நினைவகமும் வட்டும் அச்சியந்திரமும் அதன் சொற்படியே நடக்கின்றன. அது இல்லாவிட்டால் ஆளும் உண்டு, மலையும் உண்டு, வேலை மாத்திரம் நடவாது.

நம்மிற் பலர் பழகிய விண்டோஸ் 10, 2015 ஜூலை 29ஆந் திகதி வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு மைக்ரோசொப்ட் கம்பனி அதற்கு வழங்கிவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. அன்றோடு கணினி நின்றுவிடவில்லை, இன்றும் ஓடுகிறது. "ஓடுகிற வண்டியை ஏன் மாற்றவேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டில் விளக்கெரிகிறது, அடுப்பெரிகிறது, கதவின் பூட்டு மாத்திரம் பழுதாகிவிட்டது என்றால் நாம் நிம்மதியாக உறங்குவோமா? 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்னும் தீய நிரல் சுமார் 150 நாடுகளிற் பரவி, கோப்புக்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகளுங்கூடத் திணறின. அத்துவாரத்தை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை இடாது விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அப்படியாயின் விண்டோஸ் 11ஐ உடனே இட்டுவிடலாமே என்பீர்கள். அதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் வட்டிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏறக்குறைய 2017ஆம் ஆண்டுக்கு முந்திய கணினிகளிற் பெரும்பாலானவை இத்தேர்விற் சித்தியடைவதில்லை. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளைக்கொண்டு வகுப்பு நடத்தும் நம் போன்றோர்க்கு இது பெரிய இடி.

ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. வழிகள் மூன்று உண்டு. பதிவு செய்துகொண்ட தனிப்பட்டவர்களுக்கு 2026 ஒக்டோபர் வரை திருத்தங்கள் தருவதாகக் கம்பனி அறிவித்தது. அது தவணை வாங்குவதேயன்றிக் கடன் தீர்ப்பதன்று. தகுதியுள்ள கணினிக்கு விண்டோஸ் 11ஐ இடுவது இரண்டாவது வழி. தகுதியற்றதைப் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் லினக்ஸ் இடுவது மூன்றாவது. 1991இல் பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய இவ்வியங்குதளத்தை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம்; பழைய இயந்திரத்திலும் அது ஓடும். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருள் போதும். ஏழைச் சங்கத்துக்கு இது கைகொடுக்கும் வழி என்பதே எமது எண்ணம்.

ஆனால் அன்பர்களே, எவ்வழியிற் சென்றாலும் அதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. எமக்கு நேர்ந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கணினியை மாற்றினோம். பழைய கோப்புக்களை அப்படியே புதியதில் ஏற்றினோம். அதன்பின் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனுடைய அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக, முன்பு நாம் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பிரதி வேண்டுமென்றார். கோப்பைத் திறந்தோம். தமிழ் எழுத்தொன்றையும் காணோம். ஆங்கில எழுத்துக்களும் புள்ளிகளுமாய்ச் சிதறிக் கிடந்தன. "நாளை வாருங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டோம். அவருக்கு அன்றைய பேர் போயிற்று. பஸ் காசும் போயிற்று. பிழை எம்முடையது.

காரணம் இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அன்று. ‘அம்மா’ என்று நாம் அடித்தால் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிந்துகொள்கிறது. பாமினி என்னும் சட்டையைப் போட்டால் மாத்திரம் அது தமிழாய்த் தோன்றும். புதிய கணினியில் அச்சட்டை இல்லை. ஆகவே அம்மாவும் இல்லை. யூனிகோட் முறையிலோ தமிழெழுத்துக்களுக்கெனச் சொந்த எண்கள் உண்டு. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் எழுதியது எந்த இயங்குதளத்திலும் தமிழாகவே நிற்கும். பாமினி விசைகளிற் பழகிய விரல்களும் அஞ்சவேண்டா. ஈகலப்பை போன்ற இலவச மென்பொருள்கொண்டு அதே விசைகளால் யூனிகோட்டில் எழுதலாம்.

ஒரு பெயர் கெட்டால் என்ன என்று எவரும் எண்ணற்க. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை வழியினர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, காட்டுவதற்குக் காகிதமின்றி நின்றவர்கள் நம் முன்னோர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அத்துயரம் முற்றாய்த் தீரவில்லை. பெயரிலே ஓரெழுத்துப் பிசகினாலும் எத்தனை கந்தோர்ப் படிகள் ஏறவேண்டும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே நமது வேண்டுகோள் இது. வாலிபர்கள் பழைய கோப்புக்களை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றும் கருவிகள் சிற்சில இடங்களில் எழுத்தைத் தவறவிடும். அங்கேதான் பெரியோர்கள் வேண்டும். பழைய பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒவ்வொரு பெயராய் வாசிக்கட்டும். இளைஞர் திரையைப் பார்த்துத் திருத்தட்டும். எவர் மகன் எவர், எந்த லயத்தார் என்பது கணினிக்குத் தெரியாது. பின்வரிசையிலிருக்கும் அந்த ஐயாவுக்குத் தெரியும்.

திருத்தியபின் இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று இங்கே இருக்கட்டும். மற்றது வேறோர் ஊரில், பண்டாரவளையிலோ வெலிமடையிலோ, நம்பிக்கையான கையில் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மண் மனிதரையும் மூடிற்று, லயங்களையும் மூடிற்று, வீட்டுப் பத்திரங்களையும் மூடிற்று. அந்நாளை நாம் மறக்கலாகாது.

பிரதிகளைத் திறந்து, வாசித்து, சரியென்று கண்டபின்பே புதிய இயங்குதளத்தில் கைவையுங்கள். இன்றைய விண்டோஸும் ஒருநாள் பழையதாகும். அப்போதும் இதே பேச்சை இன்னொருவர் பேசுவார். அன்று பேரேட்டைத் திறப்பவர்க்கு நம் மக்களின் பெயர்கள் தமிழிலே தெளிவாய்த் தெரியவேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே இவ்வேலையைத் தொடங்குவோம். ஐயா, தாங்கள் மூக்குக் கண்ணாடியோடு வந்து சேருங்கள்.