திரை எல்லையை மீட்போம்!

(கும்முடிப்பூண்டித் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இம்மண் எல்லை மண். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. அன்று மீட்டது நில எல்லை. இன்று மீட்க வேண்டிய எல்லை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் கணினித் திரை!

தொழிற்பேட்டையில் இரவு பகலாய் உழைத்து, தவணை கட்டி, பிள்ளையின் படிப்புக்கென ஒரு கணினி வாங்குகிறோம். திறந்தால் முகப்பு முழுதும் ஆங்கிலம்! பொருளுக்கு விலை கொடுத்த தாயும் தந்தையும் அதன்முன் அயலாராய் நிற்கின்றனர். இந்நிலை தேவைதானா?

கணினிக்குத் தமிழ் ஒவ்வாது என்பார் கூற்று பொய். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. விண்டோசு எக்சுபி காலத்திலேயே தமிழ் முகப்பு வந்துவிட்டது. கட்டற்ற மென்பொருள்களையும் தன்னார்வலர் பலர் தமிழாக்கி வைத்துள்ளனர். கதவு திறந்தே இருக்கிறது, நாம்தாம் நுழையவில்லை.

செய்யவேண்டியது சிறிதே. இன்றைய விண்டோசில் பற்சக்கரக் குறியுள்ள அமைப்புப் பகுதியைத் திறந்து, நேரமும் மொழியும் பற்றிய பிரிவுக்குச் செல்லுங்கள். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் மொழித் தொகுப்பை இணையவழி இறக்குங்கள். பின் தமிழைக் காட்சிமொழியாக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். தமிழ் முகப்பு தோன்றும்.

ஒன்றில் விழிப்பாயிருங்கள். ஒருமொழிப் பதிப்பு என்றொரு வகை உண்டு. வீட்டுக் கணினிகள் பலவற்றில் அதுவே அமைந்துள்ளது. அதில் காட்சிமொழியை மாற்ற இயலாது. ஆகவே வாங்குமுன், "தமிழுக்கு மாற்ற முடியுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலரும் கேட்டால்தான் விற்போர் செவிசாய்ப்பர்.

"பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டாவா?" என்பீர்கள். வீட்டார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கணக்கு அமைக்கலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு காட்சிமொழி வைக்கலாம். பிள்ளையின் ஆங்கிலத்துக்காகத் தாயின் தமிழைத் துரத்த வேண்டியதில்லை.

தமிழ் முகப்பிலும் சில இடங்களில் ஆங்கிலம் எஞ்சி நிற்கும். சில சொற்கள் செப்பமாய் இரா. அதற்காக மீண்டும் ஆங்கிலத்துக்கே ஓடுவதா? கோப்பு என்னும் சொல் அலுவலகங்களில் புழங்கியன்றோ பழகிற்று? சாளரமும் சுட்டியும் அவ்வாறே பழகும். குறையுள்ள சொல்லைக் கண்டால் நல்ல சொல்லை ஆக்கி, தமிழாக்குவோர்க்கு எழுதியனுப்புங்கள். பயன்படுத்துவோர் இல்லாத மொழியை யார் திருத்துவர்?

நம்மோடு உழைக்கும் பிறமாநிலத் தோழர் தம் கைப்பேசியில் தம் தாய்மொழி எழுத்தை வைத்திருப்பதைக் கண்டால் வெகுளாதீர்கள். நம் கைப்பேசியைப் பார்த்து நாணுங்கள்!

1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். ஊரைத் திருத்துமுன் தம்மைத் திருத்திய நெறி அது. கடைப்பலகையில் தமிழ் கேட்கும் நாம், நம் வீட்டுத் திரையில் அதனை வைக்காவிடில் நம் குரலுக்கு ஏது வலிமை?

இன்றிரவே தொடங்குங்கள். நம் திரையில் தமிழ் ஆளட்டும்!